டெபியன் 12-லிருந்து 13-க்கு

வீட்டுக் கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 12-ம் பதிப்பு (புக்வார்ம்) ஓடுகிறதா? 2025 ஆகஸ்ட் 9-ல் வந்த 13-க்கு (ட்ரிக்ஸி) அழித்து நிறுவாமலே மாறலாம். நேராக 11-லிருந்து தாவ முடியாது, முதலில் 12.

பேக்கப் எடுத்தபின், கணினி தொடங்கத் தேவையான கோப்புகள் இருக்கும் /பூட் பகுதியைப் பாருங்கள். அது வட்டில் தனிப் பகுதியாக (பார்ட்டிஷன்) இருந்தால் 300 எம்பியாவது காலி வேண்டும். பழைய கர்னல்கள் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அடைத்துக்கொண்டிருந்தால் புதிய 6.12 கர்னலின் நிறுவல் பாதியில் நின்றுவிடும். பலரும் மாட்டுவது இங்கேதான். டெபியனுடையது அல்லாத வெளியார் ரெப்போக்களையும் (மென்பொருள் இறக்கும் இடங்கள்) முடக்கிவிடுங்கள்.

12-ஐ முழுசாக அப்டேட் செய்துவிட்டு, மென்பொருள் எங்கிருந்து வருகிறது என்று சொல்லும் சோர்சஸ் லிஸ்ட் கோப்பில் 'புக்வார்ம்' என்று இருக்கும் இடமெல்லாம் 'ட்ரிக்ஸி' என மாற்றுங்கள். செக்யூரிட்டி வரியை மறக்க வேண்டாம். பிறகு மென்பொருள் நிறுவும் கருவியான ஆப்ட்டில் அப்டேட், அடுத்து புதுப் பேக்கேஜ் சேர்க்காத அப்கிரேட், கடைசியாக ஃபுல்-அப்கிரேட். எதை நீக்கப்போகிறது என்ற பட்டியலைப் படிக்காமல் 'ஒய்' தட்டாதீர்கள். நடுவில் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பை மாற்றவா என்று கேட்கும். நீங்கள் கைவைத்த கோப்பு என்றால் பழையதையே வைத்துக்கொள்ளுங்கள்.

ரீபூட்டுக்குப் பின், தற்காலிகக் கோப்புகளுக்கான /டெம்ப் காலியாகத் தெரியும். இப்போது அது ராமில் இருக்கிறது, ராமில் பாதி வரை எடுத்துக்கொள்ளும். 4 ஜிபி கணினியில் பெரிய வீடியோவை அங்கே போட்டால் திணறும். வேண்டாமென்றால், சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் 'டெம்ப் டாட் மவுன்ட்'டை மாஸ்க் செய்துவிட்டு (இயங்காதபடி முடக்கிவிட்டு) ரீபூட் செய்யுங்கள்.

32-பிட் மட்டுமே தெரிந்த பழைய பெட்டியா? 13-ல் அதற்குக் கர்னலே கிடையாது. 12-லேயே விட்டுவிடுங்கள்.