டேனி தாமஸின் நேர்த்திக்கடன்

1937-ஆம் ஆண்டு, டெட்ராய்ட் நகரத்துத் தேவாலயம் ஒன்றில், நிலையான வேலையில்லாத இளம் நடிகர் ஒருவர் தம்மிடம் மிஞ்சியிருந்த 7 டாலரையும் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டார். மனைவி தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்தார்; மருத்துவமனைக் கட்டணத்துக்கு வேறு பணமில்லை என்பது போட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. வழிகாட்டுமாறு அங்கேயே வேண்டிக்கொண்டதையும், மறுநாளே அதைப்போல் பத்து மடங்கு ஊதியத்துக்கு ஒரு சிறு வேடம் கிடைத்ததையும் அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கைவிடப்பட்டவர்களின் துணை என்று நம் ஊர்க் கத்தோலிக்கர்களும் மன்றாடும் புனித யூதா ததேயுவிடம், வாழ வழி காட்டினால் ஒரு திருத்தலம் கட்டுவதாக அவர் நேர்ந்துகொண்டார்.

அவர்தாம் டேனி தாமஸ். லெபனானிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1912-இல் மிச்சிகனில் பிறந்தவர்; இயற்பெயர் அமோஸ் முசியாத் யாகூப் கைரூஸ். இரவு விடுதிகளில் நகைச்சுவைக் கதை சொல்லிப் பிழைப்பது வீட்டாருக்குத் தெரியவேண்டாம் என்று தம் சகோதரர்கள் இருவரின் பெயர்களைச் சேர்த்துப் புதுப்பெயர் சூட்டிக்கொண்டார். 1953 முதல் 1964 வரை ஓடிய ‘மேக் ரூம் ஃபார் டாடி’ (அப்பாவுக்கு இடம்விடுங்கள்) தொலைக்காட்சித் தொடர்தான் அவரை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. அவர் வெளியூர் போயிருக்கும்போது பிள்ளைகள் அம்மாவின் அறையில் படுத்துக்கொள்வார்கள். திரும்பி வந்ததும் அப்பாவுக்கு இடம்விட வேண்டும். தலைப்பு அங்கிருந்து வந்தது. எம்மி விருதும், பின்னர் தயாரிப்பாளராகப் பெற்ற வெற்றியும் இருந்தாலும், வாரந்தோறும் வீட்டுக்கு வந்துபோகும் மனிதர் என்று மக்கள் அவர்மீது கொண்ட உரிமையே அவருடைய பெரிய சம்பாத்தியம் என்று நான் கருதுகிறேன். அதை அவர் தமக்கென்று செலவழிக்கவில்லை.

சிகாகோ பேராயரான கர்தினால் ஸ்ட்ரிச்சின் ஆலோசனைப்படி மெம்ஃபிஸ் நகரில், அந்தத் திருத்தலம் குழந்தைகள் மருத்துவமனையாக எழுந்தது. நிதி திரட்ட 1957-இல் அமெரிக்காவாழ் லெபனான், சிரியா வம்சாவளியினரை ஓர் அமைப்பாகத் திரட்டினார். மனைவி ரோஸ் மேரியுடன் காரில் ஊர் ஊராகப் போனார். கறுப்பினக் கட்டடக் கலைஞரான பால் வில்லியம்ஸ், நட்சத்திர வடிவக் கட்டடத்துக்கான வரைபடத்தை இலவசமாகத் தந்தார். 1962 பிப்ரவரி 4 அன்று, புனித யூதாவின் ஆங்கிலப் பெயரால் செயின்ட் ஜூட் மருத்துவமனை திறக்கப்பட்டபோது, நிறப்பாகுபாடு ஊறியிருந்த அந்தத் தென்மாநில ஊரில் எல்லா நிறத்துக் குழந்தைகளும் ஒரே வார்டில் சிகிச்சை பெற்றார்கள். எந்தக் குடும்பத்துக்கும் பில் அனுப்பக்கூடாது என்பது அன்றைய விதி. இன்றும் சிகிச்சை, பயணம், தங்குமிடம், உணவு எதற்கும் அனுப்புவதில்லை.

இந்த விதியின் மதிப்பு எனக்கு ஏட்டறிவால் தெரிந்ததன்று. அக்கா மகனுக்கு ரத்தப்புற்றுநோய் என்று தெரிந்த ஆண்டில், வார்டு வாசல் பெஞ்சில் அமர்ந்து மருந்துச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்த அக்காவின் காதில் தோடு இருந்த இடத்தில் வேப்பங்குச்சி இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டிய கண்கள் கூட்டல் கணக்கில் கிடந்தன.

அந்த நோய்க்கு, 1962-இல் நூறு குழந்தைகளில் நால்வரே பிழைத்தார்கள். செயின்ட் ஜூட்டின் முதல் இயக்குநரான டாக்டர் டொனால்ட் பிங்கல், பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து, மூளையில் ஒளிந்திருக்கும் நோயணுக்களையும் அழிக்கும் முறையை வகுத்தார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே பாதிக் குழந்தைகள் குணமடையும் நிலை உருவானது. இன்று அங்கே அந்த விகிதம் நூற்றுக்கு 94. கண்டறிந்ததை அவர்கள் உலகத்தோடு பகிர்ந்துகொண்டார்கள். என் அக்கா மகன் இப்போது கல்லூரியில் படிக்கிறான்; அவனுக்குத் தரப்பட்ட சிகிச்சையும் அந்த வழியில் வளர்ந்ததுதான்.

மருத்துவமனையின் 29-ஆவது ஆண்டு விழாவைக் கொண்டாடிய இரண்டாம் நாள், 1991 பிப்ரவரி 6 அன்று, டேனி தாமஸ் காலமானார். அந்த வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். நிதி திரட்டும் பொறுப்பை ஏற்றுக்கொண்டு முன்னின்றவர்களில் ஒருவர் அவருடைய மூத்த மகள் மார்லோ தாமஸ். அவரும் தொலைக்காட்சி நடிகைதான். 7 டாலரைக் காணிக்கைப் பெட்டியில் போட்ட நாளில், தாயின் வயிற்றில் இருந்த குழந்தை அவர்.