நாங்கள் பார்த்த நாடகங்கள்

நமது பழைய மாணவர் சங்க மலரின் பழைய இதழ்களைப் புரட்டினால் கிரிக்கெட் போட்டிகளுக்கும் பரிசளிப்பு விழாக்களுக்கும் பக்கம் பக்கமாக இடம் இருக்கிறது. எந்த வருடம் எந்தக் கல்லூரியை எத்தனை விக்கெட்டால் வென்றோம் என்பதைத் தேடி எடுத்துவிடலாம். அதே வருடங்களில் யாழ்ப்பாணத்து மேடைகளில் நாம் பார்த்த நாடகங்களைப் பற்றி ஒரு பத்திகூட இல்லை. என் வகுப்பில் இருந்தவர்கள் ஊரையும் உலகத்தையும் படித்ததில் பாதி அந்த மேடைகளின் முன்னால்தான். மலர்க்குழு கட்டுரை கேட்டதும் இதைத்தான் எழுதுவது என்று தீர்மானித்தேன்.

வைரமுத்துவிலிருந்து தொடங்க வேண்டும். எழுபதுகளின் முற்பகுதியில் வலிகாமம் வடக்கில் வளர்ந்த பிள்ளைகளுக்கு நாடகம் என்றால் அவர்தான். நடிகமணி வி. வி. வைரமுத்து 1924இல் காங்கேசன்துறையில் பிறந்தவர். அவருடைய வசந்த கான சபாவைக் கூப்பிடாவிட்டால் திருவிழா நிறைவடையாது என்று நினைத்த உபயகாரர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய இருந்தார்கள். "இண்டைக்கு வைரமுத்துவின்ரை மயான காண்டமாம்" என்று கதை அடிபட்டால், அப்பாச்சி பொழுதுபட முன்னமே இராச்சாப்பாட்டை முடித்து, பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எங்களையும் சாய்த்துக்கொண்டு வெளிக்கிட்டுவிடுவா. கோயில் வீதி மணலில் முன்னுக்கு இடம் பிடிக்க வேண்டும். கச்சான் சரை கையில் இருக்கும். திரை விலகச் சாமம் ஆகிவிடும். அதுவரைக்கும் நித்திரை கொள்ளாமல் இருப்பதே பெரிய சாதனை.

கதை தெரியாதவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. லோகிதாசனைப் பாம்பு கடித்துவிடும். செத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி சுடலைக்கு வருவாள். வீரபாகுவுக்கு அடிமையாகிச் சுடலை காக்கும் அரிச்சந்திரன், கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் வைக்காமல் பிணத்தைச் சுடக்கூடாது என்று மறிப்பான். எதிரே நிற்பவள் தன் மனைவி என்பது தாலியைக் காணும் வரை அவனுக்குத் தெரியாது. முழு அரிச்சந்திர நாடகத்தில் இந்தப் பகுதியை மட்டும் தனியே எடுத்து, மூவாயிரம் தடவைக்கு மேல் வைரமுத்து ஆடினார். ஆர்மோனியக்காரர் சுருதியைப் பிடித்து நிற்க, அவருடைய குரல் உச்சத்துக்கு ஏறி அங்கேயே நிற்கும். இறங்கும்போது எங்களைச் சுற்றியிருந்த பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருப்பார்கள். பிள்ளையைச் சாகக் கொடுத்தவர்களும் அந்த மணலில் இருந்தார்கள். செத்தவீட்டில் வாய்விட்டு அழ முடியாமல் போனவர்கள் மயான காண்டத்தில் அழுதார்கள் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. பாட்டு எப்போது ஒப்பாரியாக மாறுகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி அவர் பாடினார்.

சந்திரமதியாக வருபவரும் ஆண்தான். சின்னப்பிள்ளைக் குறும்பில் நான் அதை உரக்கச் சொன்னபோது அப்பாச்சி என் வாயைப் பொத்தினா. "ஆம்பிளையெண்டு ஆர் சொன்னது? அது சந்திரமதி. பேசாமல் பார்."

எங்கள் ஊரில் இந்த வகையை 'டிறாமா' என்றே சொல்வார்கள். தென்னிந்தியக் கம்பனிகள் கப்பலேறி வந்து கொட்டகை போட்டு ஆடிய இசை நாடகத்தைப் பார்த்து, சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த பாட்டுகளை வாங்கி, நம்மவர்கள் தங்கள் குரலுக்கும் தங்கள் ஊருக்கும் ஏற்றபடி வளர்த்தெடுத்தது அது. படித்தவர்கள் சிலர் இதைக் கோயில் வீதிச் சமாச்சாரம் என்று ஒரு படி கீழே வைத்துப் பேசியதைக் கேட்டிருக்கிறேன். அது பெரிய அநியாயம். விடியும் வரைக்கும் சனத்தைக் கட்டிப்போட ஒரு மனிதனின் குரலாலும் ஓர் ஆர்மோனியத்தாலும் முடியுமென்றால், அந்தக் கலையில் படிக்க ஏராளம் இருக்கிறது. அம்மனுக்கு நேர்த்தி வைத்து ஆடும் காத்தவராயன் கூத்தின் மெட்டை எடுத்துத்தானே நெல்லியடி அம்பலத்தாடிகள் 'கந்தன் கருணை'யை ஆடினார்கள்? மாவிட்டபுரம் கோயில் கதவு எல்லோருக்கும் திறக்கப்பட வேண்டும் என்று 1968இல் நடந்த போராட்டத்தை, ஊருக்கு ஏற்கனவே மனப்பாடமாக இருந்த மெட்டிலேயே பாடிக் காட்டினார்கள். அதை நான் பார்க்கவில்லை, அப்போது மிகச் சிறியவள். ஆனால் எங்கள் தமிழ் ரீச்சர் அதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் பாடவேளை முடிந்த மணிகூட அவவின் காதில் விழாது.

வீரசிங்கம் மண்டபத்துக்கு எங்களைக் கூட்டிப்போனதும் அந்த ரீச்சர்தான். பொது நூலகத்துக்கும் விளையாட்டரங்குக்கும் கிட்ட இருக்கும் அந்த மண்டபத்தை இந்த மலரை வாசிப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1974 தை மாதம் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடந்தது அங்கேதான். கடைசி நாள் இரவு அதன் முன்றலில் உயிர்கள் போனதும் அங்கேதான். அந்த இரவைத் தெரிந்த பெற்றோர் பெண்பிள்ளைகளை மாலைக் காட்சிக்கு அனுப்ப யோசித்தார்கள். ரீச்சர் வீடு வீடாகப் போய், தான் கொண்டுவந்து படலையில் விடுவேன் என்று சொல்லி அனுமதி வாங்கினா. அந்தப் பெரிய மனுசியின் சைக்கிள் மிதிப்பு இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை.

நாங்கள் போகத் தொடங்கிய காலம் நல்ல காலம். குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கியிருந்தார். அதுவரை நாடகம் போடுவது என்றால் வசனத்தைப் பாடமாக்கி மேடையில் ஒப்புவிப்பது என்றுதான் பாடசாலைகளில் இருந்தது. களப்பயிற்சி என்ற சொல்லே அப்போதுதான் எங்கள் காதில் விழுந்தது. உடம்பைப் பழக்க வேண்டும், மூச்சைப் பழக்க வேண்டும், பக்கத்தில் நிற்பவர் பேசும்போது காது கொடுக்கப் பழக வேண்டும் என்று அவர்கள் வேலை செய்தார்கள். அ. தாசீசியஸின் 'பொறுத்தது போதும்' மேடையில் விரிந்தபோது கடற்றொழிலாளரின் உழைப்பை உறிஞ்சுபவர்கள் யார் என்று வகுப்பில் எவரும் சொல்லித்தராத பாடம் கிடைத்தது. மௌனகுருவின் 'சங்காரம்' இன்னொரு விதம். மட்டக்களப்பு வடமோடிக் கூத்தின் ஆட்டத்தையும் தாளக்கட்டையும் வைத்துக்கொண்டு, சாதியையும் இனபேதத்தையும் அரக்கர்களாக அரங்குக்குக் கொண்டுவந்து வீழ்த்தினார்கள். மத்தளம் அதிர்ந்த அதிர்வில் கதிரையின் கைப்பிடி துடித்தது. கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரிடம் இருந்த பாட்டும் ஆட்டமும் எங்கள் காலத்து விசயத்தைச் சுமக்கும் பலம் உள்ளவை என்று அன்று கண்ணால் கண்டோம்.

க. பாலேந்திராவின் அவைக்காற்று கலைக் கழகமும் அதே வருடங்களில்தான் வெளிநாட்டு நாடகங்களைத் தமிழில் கொண்டுவந்தது. லோர்காவின் நாடகம் 'ஒரு பாலை வீடு' என்ற பெயரில் வந்தது. புருசன் செத்த துக்கத்துக்கு எட்டு வருடம் வீட்டுக் கதவு திறக்கப்படாது என்று அறிவிக்கும் தாய், உள்ளே புழுங்கும் ஐந்து மகள்மார். மேடையில் பெண்கள் மட்டுமே. கிடுகுவேலி அடைத்த வளவுகளில் வளர்ந்த எங்களுக்கு அது ஸ்பெயின் தேசத்து வீடாகத் தெரியவேயில்லை. தடியை ஊன்றி நடந்த அந்தத் தாயை எங்கள் ஒழுங்கையிலேயே கண்டிருக்கிறோம். திரும்பும் வழியில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அடுத்த நாள் இடைவேளையில் பேசத் தொடங்கி, சீதனத்தில் போய், ஆர் ஆர் வீட்டில் அக்காமார் எத்தனை வருடமாகக் கலியாணத்துக்குக் காத்திருக்கிறார்கள் என்பதில் வந்து நின்றோம். அது வரைக்கும் அதைப் பற்றி எங்களுக்குள் பேசியதே இல்லை.

ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட்டின் நாடகமான 'யுகதர்ம'த்துக்கு அப்பா என்னுடன் வந்தார். தாகத்துக்குத் தண்ணீர் நீட்டிய கூலியாளை, கல்லால் அடிக்க வருகிறான் என்று நினைத்து வியாபாரி சுட்டுவிடுகிறான். அடக்கி வைக்கப்பட்டவன் தன்னை வெறுக்கத்தானே செய்வான், ஆகவே வியாபாரி பயந்தது நியாயம் என்று நீதிமன்றம் அவனை விடுதலை செய்கிறது. கடைசி பஸ்ஸில் அப்பா அந்தத் தீர்ப்போடு சண்டை பிடித்துக்கொண்டே வந்தார். பக்கத்து இருக்கையில் இருந்தவர், நாடகமே பாராதவர், என்ன வழக்கு என்று கேட்டு, கேட்டதும் தானும் சேர்ந்து வாதாடினார். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் வந்த பிறகு வழக்கு, நீதி என்ற சொற்கள் எங்கள் வீடுகளுக்குள் வேறு கனத்தோடு புழங்கின. அப்பாவின் கோபம் நாடகத்தோடு நிற்கவில்லை.

1981இல் நூலகம் எரிந்தது. தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள் சாம்பலாகின. அந்தக் கரிந்த சுவரைத் தாண்டித்தான் பிறகு நாங்கள் மண்டபத்துக்குப் போனோம். 1983க்குப் பிறகு இரவில் வெளியே நிற்பது உயிரோடு விளையாடுவது என்று ஆனது. விடியும் வரை நடந்த டிறாமா முதலில் அடிபட்டது. கோயில்கள் திருவிழாவைப் பகலோடு முடித்துக்கொண்டன.

ஆனால் நாடகம் நிற்கவில்லை. பல்கலைக்கழகக் கலாசாரக் குழு 1985இல் சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனிய'ரைக் க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் மேடையேற்றியது. பாட்டும் கவிதையும் அசைவும் கலந்த நாடகம். மண்ணை நம்பி வாழும் சனத்தின் வாழ்க்கையை இராணுவம் எப்படிக் குலைத்தது என்பதை, அதை அனுபவித்துக்கொண்டிருந்த சனத்துக்கு முன்னாலேயே காட்டினார்கள். பல்கலைக்கழகத்தோடு நிற்காமல் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பாடசாலை மண்டபத்தில் பார்த்தேன். வாசலிலும் யன்னல்களிலும் ஆட்கள் தொங்கிக்கொண்டு நின்றார்கள். நாடகம் முடிந்த பிறகும் சனம் கலையவில்லை. அறியாத ஒரு தாய் அம்மாவின் கையைப் பிடித்து, தன் மகனைக் கொண்டுபோய் மாதக்கணக்காகிவிட்டது என்று சொன்னா. அம்மா அவவை அணைத்துக்கொண்டு நின்றா. அப்பாச்சியின் மயான காண்டத்து மணலில் நான் கண்டது அதுவேதான் என்று எனக்குப் பட்டது. ஒன்று பழைய கலை, மற்றது நவீன கலை என்று பிரித்துப் பேசுபவர்களோடு அன்றிலிருந்து எனக்கு ஒத்துவருவதில்லை. ஒரேயொரு பெரிய மாற்றம் இருந்தது. மேடையில் என் வயதுப் பெண்கள் நின்றார்கள், அவர்களுடைய தகப்பன்மார் முன்வரிசையில் இருந்தார்கள்.

1987இல் நான் லண்டன் வந்துவிட்டேன். வைரமுத்து 1989இல் காலமானதை அம்மாவின் கடிதத்தில்தான் அறிந்தேன். 1990க்குப் பிறகு மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில் 'அன்னை இட்ட தீ', 'எந்தையும் தாயும்' என்று சண்முகலிங்கம் எழுதிக்கொண்டே இருந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் கையெடுக்கத் தோன்றும்.

'எந்தையும் தாயும்' பின்னர் லண்டனிலும் மேடையேறியது. பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு போய்விட, ஊரில் தனித்துப்போன முதியவர்களின் கதை. பார்க்க வந்திருந்தவர்களில் அநேகர் அந்தப் பிள்ளைகள். என்னுடைய அப்பாவும் அம்மாவும் அப்போது ஊரில், வளவோடும் மாட்டோடும். யுத்தத்தால் பாதை பூட்டியிருந்ததால் கடிதம் வந்து சேர மாதங்கள் எடுக்கும். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் நம் கல்லூரியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்த அண்ணா. இடையில் எழும்பி வெளியே போய்விட்டார். முடிந்து வெளியே வந்தபோது தொலைபேசிப் பெட்டிக்குள் நின்றிருந்தார். ஊருக்குத் தொலைபேசி எடுக்க வழியில்லாத காலம். கொழும்பில் இருந்த உறவினருக்கு எடுத்து, தாயைப் பற்றி ஏதும் தகவல் உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மலர்க்குழுவுக்கும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மேடை நாடகம் திரைப்படத்தைப் போலப் பெட்டியில் கிடப்பதில்லை. எங்களிடம் எஞ்சியிருப்பவை நுழைவுச்சீட்டு, நிகழ்ச்சி நிரல், கறுப்பு வெள்ளைப் படம், பின்னால் எழுதிய பெயர்கள். இடம்பெயர்ந்தபோது ஊரில் பலருடையது போய்விட்டது. வெளிநாட்டுக்குப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தவர்களிடம்தான் மிச்சம் இருக்க வேண்டும். நம் கல்லூரியின் இல்ல நாடகப் போட்டி, தமிழ்த்தினப் போட்டி நாடகங்களின் பிரதிகள் கையெழுத்தில் இருந்தாலும் பரவாயில்லை, படமெடுத்து அனுப்புங்கள். படத்தில் நிற்பவர்களை அடையாளம் தெரிந்தால், யார் யார் என்று ஒரு தாளில் எழுதிச் சேர்த்து அனுப்புங்கள்; உடுப்புத் தைத்தவர்களையும் திரை இழுத்தவர்களையும் விட்டுவிடாதீர்கள். ஈழத்து ஆவணங்களை எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்கு மலர்க்குழு மூலமாக அவற்றைக் கொடுக்கலாம். என்னிடம் இருக்கும் இரண்டு நிகழ்ச்சி நிரல்களை இந்தக் கட்டுரையோடு சேர்த்தே அனுப்பியிருக்கிறேன்.