பூட்டிக்கொண்ட தோள்பட்டையும் ஒரு கிணற்று உருளையும்

ஃப்ரோசன் ஷோல்டர், அதாவது தோள் மூட்டு இறுகிப் பூட்டிக்கொள்கிற நோய், என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்ததும் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் சொன்னது ஒன்றுதான்: "கரண்ட் வைங்க அண்ணாச்சி, சரியாப் போயிரும்." நம்ம ஊரில் பிசியோதெரபி என்றாலே கரண்ட் வைக்கிறது என்று ஆகிவிட்டது. அந்தக் கரண்டுக்கு இந்த வைத்தியத்தில் இருப்பது ஓரத்து இடம்தான். பெரும்பங்கு வேலை நம் வீட்டுச் சுவரிலும் கதவு நிலையிலும் நடக்கிறது, அதிலும் எந்த வலியைத் தாங்கிக்கொண்டு செய்யலாம், எந்த வலி வந்தால் நிறுத்த வேண்டும் என்று தெரிந்தால்தான் நடக்கிறது. எனக்கு யாராவது முதலிலேயே இதை விளக்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் எனக்கு மளிகைக் கடை. வயது ஐம்பதைத் தாண்டியாச்சு, சர்க்கரை பல வருஷமாக இருக்கிறது. ஒரு ஆடி மாதம் மேல் தட்டில் இருந்த எண்ணெய் டின்னை எடுக்கக் கையைத் தூக்கும்போது வலது தோளில் சுருக்கென்று ஒரு வலி. விழவும் இல்லை, அடியும் படவில்லை. சுளுக்காக இருக்கும் என்று விட்டாச்சு. அடுத்து வந்த வாரங்களில் சட்டை போடுவது ஒரு தனி வேலையாகிவிட்டது, வலது கையை முதலில் நுழைத்து, அப்புறம் மற்றதை இழுத்து. பின் பாக்கெட்டில் இருந்த பர்ஸ் சட்டைப் பைக்கு மாறியது. முதுகு தேய்க்க முடியாது. கோயிலில் எல்லாரும் தலைக்கு மேல் கைகூப்பும்போது நான் நெஞ்சோடு நிறுத்திக்கொண்டேன். இதெல்லாம்கூடப் பரவாயில்லை, ராத்திரிதான் கொடுமை. அந்தப் பக்கம் லேசாகப் புரண்டால் தூக்கம் போய்விடும், உட்கார்ந்துதான் விடிய வேண்டும்.

அத்தை சொன்னார் என்று தைலம் தடவினோம், முடக்கத்தான் ரசம் குடித்தோம், கிராமத்தில் நீவி விடுகிறவர் ஒருவரிடமும் போனோம். அவர் கையைப் பிடித்து ஒரு திருகு திருகினார் பாருங்கள், அன்றைக்கு ராத்திரி தோளைத் தொடவே முடியவில்லை. அடுத்து ஒரு தெரபி சென்டர். மொத்தமாகப் பணம் கட்டச் சொன்னார்கள், போனால் படுக்க வைத்து நாலு பேடு ஒட்டி மெஷினைப் போட்டுவிட்டுப் பக்கத்து ஆளைப் பார்க்கப் போய்விடுவார்கள். இதுதான் அந்தக் கரண்ட், ஐஎஃப்டி என்று பெயர், விறுவிறுவென்று இருக்கும், அந்த நேரத்துக்கு வலி தெரியாது, வண்டியை எடுத்து வீடு வருவதற்குள் பழையபடி. தோளை யாரும் அசைத்துக்கூடப் பார்க்கவில்லை, வீட்டில் செய்ய ஒரு பயிற்சியும் சொல்லவில்லை. பாதியில் விட்டேன், கட்டிய பணம் திரும்பவில்லை.

அப்புறம்தான் எலும்பு மூட்டு டாக்டர். அவர் பார்த்த விதமே வேறு. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்பச் சொன்னார். இடது கை நன்றாகத் திரும்பியது, வலது கை கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டது. அவரே பிடித்துத் திருப்பிப் பார்த்தார், அப்போதும் அதே இடத்தில்தான் நின்றது. இதுதான் முக்கியமான அடையாளமாம்: நாம் தூக்கினாலும் வராது, அடுத்தவர் தூக்கினாலும் வராது, முதலில் போவது இந்த வெளிப்பக்கத் திருப்பம். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. இந்த நோயில் எக்ஸ்ரே பெரும்பாலும் சுத்தமாகத்தான் இருக்கும், வேறு கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான் எடுப்பது என்றார். மூன்று மாத சர்க்கரைச் சராசரியும் தைராய்டும் பார்க்கச் சொன்னார். சர்க்கரை, தைராய்டு இரண்டுக்கும் இதோடு தொடர்பு உண்டு. நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள்தான் அதிகம் வரும், அதிலும் பெண்களுக்குக் கூடுதல்.

தோள் மூட்டைச் சுற்றி ஒரு மெல்லிய பை போன்ற உறை இருக்கிறது. நமக்குக் கை இத்தனை பக்கம் சுழல்கிறதே, அந்த உறை தளர்வாக இருப்பதால்தான். அதில் அழற்சி வந்து, தடித்து, வெந்நீரில் துவைத்த பனியன் மாதிரி சுருங்கிவிடுகிறது. எலும்பும் சரி, தசையும் சரி, அசைய இடமில்லை. இது மூன்று கட்டமாகப் போகும் என்று டாக்டர் சொன்னார். வலி ஏறிக்கொண்டே போவது முதல் கட்டம், 2 முதல் 9 மாதம். வலி குறைந்து இறுக்கம் மட்டும் நிற்பது இரண்டாவது, 4 முதல் 12 மாதம். இளகுவது மூன்றாவது, 5 மாதத்திலிருந்து இரண்டு வருஷம்வரைகூட இழுக்கும். கேட்டதும் தலை சுற்றியது. ஆனால் பிறகு யோசித்தால், "ஒரே வாரத்தில் சரி பண்றேன்" என்றவர்களைவிட வருஷக் கணக்கைச் சொன்ன இந்த மனுஷன்தான் எனக்கு நிம்மதி கொடுத்தார்.

மூட்டுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டால் முதல் கட்டத்து வலி இறங்கும், பயிற்சி செய்ய வசதியாக இருக்கும் என்றார். சர்க்கரை உள்ளவர்கள் இங்கே கவனிக்க வேண்டும், அந்த ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும். முன்னாலேயே சொல்லிவிட்டதால் வீட்டிலேயே குத்திப் பார்த்துக்கொண்டேன், ஏறத்தான் செய்தது, மாத்திரையை அவரே கொஞ்ச நாளைக்கு மாற்றிக் கொடுத்தார். ஊசி போட்ட வாரத்தில்தான் ரொம்ப நாளைக்கப்புறம் ராத்திரி முழுக்கத் தூங்கினேன்.

அவர் அனுப்பிய பிசியோதெரபிஸ்ட் சின்னப் பொண்ணு, என் மகள் வயசுதான் இருக்கும். முதல் நாள் மெஷின் பக்கமே போகவில்லை. கோணமானி மாதிரி ஒரு அளவுகோலை வைத்து, முன்பக்கம் எவ்வளவு, பக்கவாட்டில் எவ்வளவு, வெளித்திருப்பம் எவ்வளவு என்று குறித்துக்கொண்டார். நல்ல தோள் முன்பக்கமாக 180 டிகிரி வரை போகும், எனக்கு நேராக நீட்டின மட்டத்தோடு நின்றது. அப்புறம் என்னைக் கண்ணாடி முன்னால் நிறுத்திக் கையைத் தூக்கச் சொல்லிவிட்டு, "சார், நீங்க கையத் தூக்கல, தோளத் தூக்குறீங்க, பாருங்க" என்றார். பார்த்தால் உண்மைதான், வலது தோள் காதுவரை ஏறி நிற்கிறது. மூட்டு அசையாத இடத்தில் தோள்பட்டை எலும்பு ஏமாற்றி வேலை செய்கிறதாம். அந்த ஏமாற்று நடக்கிற வரைக்கும் பயிற்சி மூட்டுக்குப் போய்ச் சேராது, கழுத்துத்தான் வலிக்கும். அன்றிலிருந்து எந்தப் பயிற்சியும் கண்ணாடி முன்னால்தான்.

வலிக்கு அவர் சொன்ன கணக்கு எனக்கு ரொம்ப உதவியது. பூஜ்யத்திலிருந்து பத்து வரை மார்க் போடுங்கள், பயிற்சியின்போது நாலு வரை போகலாம். இழுக்கிற மாதிரி, நிறுத்தினதும் இறங்குகிற வலி பரவாயில்லை. குத்துகிற வலி, கை மரத்துப்போவது, மறுநாள் காலைவரை இறங்காத வலி, இதில் ஏதாவது இருந்தால் முந்தின நாள் செய்தது அதிகம், குறைக்க வேண்டும். முதல் கட்டத்தில் அழற்சி ஓடிக்கொண்டிருக்கும்போது முரட்டுத்தனமாக இழுத்தால் எரிகிற இடத்தில் இன்னும் எரிச்சல்தான் கூடும். நீவி விடுகிறவர் திருகிய ராத்திரி ஏன் அப்படி ஆச்சு என்பது அப்போதுதான் புரிந்தது.

பயிற்சிகள் பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். முதலில் பத்து நிமிஷம் வெந்நீர் ஒத்தடம். அப்புறம் பெண்டுலம்: இடது கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலது கையைத் தொங்க விட்டு, கையை நாமாக ஆட்டாமல் உடம்பை ஆட்டி அது தானாக ஊசலாட வேண்டும். ஃப்ரோசன் ஷோல்டர் என்று 1934-ல் பெயர் வைத்த பாஸ்டன் டாக்டர் காட்மன் பெயரில்தான் இந்தப் பயிற்சியை இன்றும் சொல்கிறார்கள். அடுத்தது கம்புப் பயிற்சி. மல்லாந்து படுத்து, முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, ஒட்டடைக் கம்பை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கை தள்ளத் தள்ள வலது முன்கை வெளிப்பக்கம் போக வேண்டும். எனக்கு அதிகம் வலித்ததும் இதுதான், அதிகம் பலன் கொடுத்ததும் இதுதான். சுவரில் விரலால் ஏறுவது கடையிலேயே நடந்தது. எட்டின இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. வாரக் கணக்கில் கோடு ஒரே இடத்தில் நிற்கும், கடுப்பாக வரும், திடீரென்று ஒரு நாள் ஒரு விரற்கடை ஏறும். கடன் பாக்கி எழுதின சுவர் என்று நினைத்து ஒரு வாடிக்கைக்காரர் தன் பெயரைத் தேடினார்.

கதவில் மாட்டுகிற கயிறு உருளை ஒன்று வாங்கச் சொன்னார் பிசியோ. ஊர் வீட்டில் கிணற்று உருளை சும்மா கிடந்தது, அதைக் கொண்டுவந்து குடோன் நிலையில் மாட்டி, இரண்டு முனையிலும் துணியைச் சுற்றின கைப்பிடி வைத்துக்கொண்டேன். போட்டோ எடுத்துக் காட்டினேன், கயிறு தலைக்கு நேர் மேலே வருகிற மாதிரி நாற்காலியை நகர்த்திப் போடச் சொன்னார், மற்றபடி இது போதும் என்றார். இடது கை இழுக்க, வலது கை தானாக மேலே போகும். காலையில் கடை திறந்ததும் ஒரு தடவை, மத்தியானம் கூட்டம் குறைந்ததும் ஒரு தடவை, ராத்திரி அடைக்கிறதுக்கு முன்னால் ஒரு தடவை. ஒரேயடியாக முக்கால் மணி நேரம் செய்வதைவிட இப்படிப் பிரித்துச் செய்ததில்தான் எனக்கு வலி கட்டுக்குள் இருந்தது.

மெஷினை அடியோடு குறை சொல்ல மாட்டேன். வலி அதிகமாக இருந்த நாளில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, அந்த இதத்தில் அவர் கையால் மூட்டை மெல்ல மெல்ல அசைத்துக் கொடுப்பார். மொபிலைசேஷன் என்கிறார்கள். கட்டணம் கொடுத்துப் போவது அந்தக் கைக்காகத்தான் என்று நினைக்கிறேன். பெரியாஸ்பத்திரியிலும் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது, பணம் இல்லையே என்று யாரும் விட்டுவிட வேண்டாம். நடமாட முடியாதவர்களுக்கு 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிற ஏற்பாடு உண்டு.

தூங்குவதற்கு ஒரு உபாயம்: மல்லாந்து படுத்தால் வலது முழங்கைக்கு அடியில் ஒரு தலையணை, இடது பக்கம் படுத்தால் நெஞ்சோடு அணைத்தபடி ஒரு தலையணை. கை பின்னாலோ கீழேயோ சரியக்கூடாது, அவ்வளவுதான்.

கார்த்திகை, மார்கழி முழுக்க வலி குறைந்தது, அசைவு கூடவில்லை. தெப்பத் திருவிழா சமயத்தில் பயிற்சியை விட்டுவிடலாமா என்றுகூட இருந்தது, பிசியோ பழைய அளவுகளை எடுத்துக் காட்டி, வெளித்திருப்பம் கொஞ்சம் கூடியிருப்பதைச் சொன்னபிறகு தொடர்ந்தேன். பங்குனியில் மாற்றம் நன்றாகவே தெரிந்தது. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது கூட்டத்தோடு கூட்டமாக இரண்டு கையையும் தூக்க முடிந்தது, வலது கை காதைத் தொடவில்லை, ஆனாலும் தலைக்கு மேலே போனது. முதுகுப் பக்கம்தான் இன்னும் பாக்கி. துண்டை முதுகுக்குப் பின்னால் பிடித்து மேல் கையால் கீழ் கையை இழுக்கிற பயிற்சி இப்போதும் ஓடுகிறது, கூடவே ரப்பர் பேண்டை வைத்துத் தசைக்குப் பலம் ஏற்றுகிற பயிற்சி. சர்க்கரைக்காரர்களுக்கு மற்றத் தோளிலும் வர வாய்ப்பு உண்டு என்பதால் இடது கை திரும்புகிறதா என்று அப்பப்போ பார்த்துக்கொள்கிறேன்.

என் உருளையைப் பார்த்துவிட்டு எங்கள் லோடுமேன் ஒருத்தரும் அதில் கயிறு இழுக்க ஆரம்பித்தார். அவருக்கும் தோள் வலி, மூட்டை தூக்கித் தூக்கி. "ஒங்களுக்குச் சரியாச்சுல்ல மொதலாளி, எனக்கும் ஆகும்" என்றார். நாலைந்து நாளில் வலி கூடிவிட்டது. நான் அவர் கையைப் பிடித்து மெதுவாகத் தூக்கிப் பார்த்தேன், முழுக்க மேலே வந்தது. விட்டதும் அவரால் அங்கே நிறுத்த முடியவில்லை, கை சரிந்தது. எனக்கு டாக்டர் காட்டிய அடையாளத்துக்கு இது நேர் எதிராக இருக்கிறதே என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கேனில் தோளின் தசைநாரில் கிழிசல். அவருக்கு இறுக்கமே இல்லை, இழுக்க வேண்டிய அவசியமும் இல்லை. மூட்டை தூக்குவதை நிறுத்தி, தோள்பட்டை எலும்பைப் பிடித்து நிறுத்துகிற தசைகளுக்குப் பலம் கொடுக்கிற வேறு பயிற்சிகள் கொடுத்திருக்கிறார்கள், மூன்று மாதம் கழித்துப் பார்த்துவிட்டு ஆபரேஷன் வேண்டுமா என்று சொல்வார்களாம். இப்போதைக்கு அவரைக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து எடை போடச் சொல்லியிருக்கிறேன், அதையும் இடது கையால்.