‘ஹெவி டியூட்டி’ என்று சொல்லி விற்ற மிஷின்

ஆம்பூரில் எங்கள் தெருவில் ஷூ கம்பெனி வேன் ஏறாத வீடு கிடையாது. நானும் 11 வருஷம் ஏறினேன். குளோசிங் செக்‌ஷன். வெட்டி, ஓரம் சீவி வரும் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகத் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கிற இடம். என் கைக்குப் பழக்கமானது போஸ்ட் மிஷின் ஒன்றுதான். ஒரு சின்னத் தூண் நிமிர்ந்து நிற்கும், அதன் உச்சியில் தையல் விழும், பாதத்துக்குப் பதிலாக உருளை ஒன்று தோலைத் தள்ளிக்கொண்டே போகும். ஊசி உடைந்தால் கையைத் தூக்குவோம், மெக்கானிக் வருவார். எண்ணெய் விடுவதுகூட வேறு ஆளுடைய வேலை. இத்தனை வருஷம் மிஷின் முன்னால் உட்கார்ந்தும் மிஷினைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது, வேலையை விட்டு சொந்தமாக ஒன்று வாங்கப் போனபோதுதான் புரிந்தது.

வீட்டு முன்னறையில் ஸ்லிங் பேக், பர்ஸ், பெல்ட் என்று ஜாப் ஒர்க் எடுக்கலாம் என்பது என் கணக்கு. விற்றவரிடம் “தோல் தைக்கணும்” என்றுதான் கேட்டேன். “ஜீன்ஸே தைக்குது, தோல் தைக்காதா? ஹெவி டியூட்டிம்மா இது” என்றார். கடையிலேயே நாலு மடிப்பு ஜீன்ஸ் துணியைப் போட்டு ஓட்டிக் காட்டினார். சீறிக்கொண்டு போனது. காசைக் கொடுத்துவிட்டேன்.

முதல் பையிலேயே வினை. இரண்டு துண்டையும் நுனி சேர்த்து வைத்து ஆரம்பித்தால், முடிக்கிற இடத்தில் மேல் துண்டு அரை விரல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த மிஷினில் கீழே இருக்கும் பல் மட்டும்தான் இழுக்கும். மேலே பாதம் சும்மா அழுத்திக்கொண்டிருக்கும். துணி வழுக்கிக்கொண்டு வந்துவிடும், தோல் பாதத்தில் ஒட்டிக்கொள்ளும். கீழ்த் தோல் நகர, மேல் தோல் தங்கிவிடும். தோலில் ஒட்டாமல் வழுக்கும் டெஃப்லான் பாதம் மாட்டிப் பார்த்தேன், கொஞ்சம் தேவலை. ஆனால் கனம் ஏறுகிற இடத்தில் மிஷின் மலை ஏறுகிற லாரி மாதிரி நின்றுவிடும், தையல் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவியும். அடிப்பக்கத்தைத் திருப்பினால் எலி கடித்த மாதிரி பல் தடம். ‘ஹெவி’ என்ற சொல்லுக்கு ஒரு அர்த்தமும் இல்லை என்று அப்போது தெரிந்துகொண்டேன். கேட்க வேண்டிய கேள்வி, தோலை எது நகர்த்துகிறது என்பது.

தோலுக்கு வேண்டியது ஊசி, பல், பாதம் மூன்றும் சேர்ந்து நகர்த்தும் மிஷின். ஊசி தோலுக்குள் இறங்கி, உள்ளே இருக்கும்போதே கீழ்ப் பல்லோடும் உள்பாதத்தோடும் சேர்ந்து ஒரு எட்டு பின்னால் போகும். ஊசி வெளியே வரும்போது வெளிப்பாதம் இறங்கித் தோலைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு பாதமும் மாறி மாறி நடப்பதைப் பார்க்கலாம். அதனால்தான் வாக்கிங் ஃபுட் என்கிறார்கள். அடுக்குகள் ஊசியில் குத்தப்பட்டே நகர்வதால் ஒன்றை விட்டு ஒன்று ஓட வழியில்லை.

அப்படித்தான் இரண்டாவது மிஷின் வந்தது. செகண்ட்ஸில் ஒரு ஜூகி 1541. இந்தத் தடவை எங்கள் பழைய கம்பெனியில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற பாயைக் கூட்டிக்கொண்டு போனேன். விற்கிறவர் ஸ்விட்சைப் போடப் போனார், பாய் கையைப் பிடித்துவிட்டார். முதலில் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினார், ஒரே சுற்றை ஏழெட்டுத் தடவை. எங்காவது ஒரு இடத்தில் இறுகினால் உள்ளே ஏதோ வளைந்திருக்கிறது. ஊசிக் கம்பியை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினார். ஊசித் தட்டைக் கழற்றச் சொல்லி, அடியில் சுழன்று மேல் நூலைக் கவ்வுகிற ஹூக்கின் மூக்கைச் செல்போன் டார்ச்சில் பார்த்தார், நகத்தால் தடவியும் பார்த்தார். சின்னப் பிசிறு இருந்தாலும் நூலை வெட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் பளபளவென்று புதுப் பெயின்ட் அடித்த மிஷின் ஒன்று இருந்தது. அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “மூஞ்சிக்கு பவுடர் போட்டிருக்கான், உடம்புக்கு என்னாச்சுன்னு நமக்குத் தெரியாது” என்றார்.

பிறகுதான் ஓட்டிப் பார்த்தோம். அவர்கள் கொடுத்த துண்டில் இல்லை, நான் பையில் கொண்டுபோன என் தோலில், என் நூலில். இரண்டு அடுக்கிலிருந்து நாலு அடுக்கு ஏறி மறுபடி இரண்டுக்கு இறங்குகிற மாதிரி ஒட்டிக்கொண்டு போயிருந்தேன். அந்தப் படியில் ஏறி இறங்கும்போது தையல் அளவு மாறக்கூடாது. ரிவர்ஸ் போட்டால் அதே துளையில் ஊசி விழவேண்டும். இரண்டு பழைய மிஷின் இதில் தோற்றது, மூன்றாவதை எடுத்தோம்.

மோட்டாரில் எனக்கும் பாய்க்கும் சண்டை. மிஷினோடு வந்தது கிளட்ச் மோட்டார். ஸ்விட்ச் போட்டதிலிருந்து நிமிஷத்துக்கு 1,440 சுற்று ஓடிக்கொண்டே இருக்கும், நாம் தைத்தாலும் தைக்காவிட்டாலும். பெடலில் கால் வைப்பது ஓடுகிற பஸ்ஸில் தொத்துகிற மாதிரி. பாய்க்கு அதுதான் உயிர், “கால் பழகிட்டா ஒண்ணும் இல்ல” என்பார். பர்ஸ் மூலையில் ஒரு தையல், நிறுத்து, திருப்பு, இன்னொரு தையல் என்று போக எனக்கு அது ஒத்துவரவில்லை. சர்வோ மோட்டார் மாட்டினேன். கால் வைத்தால்தான் ஓடும், வேகத்துக்கு உச்சவரம்பு வைக்கலாம், சத்தமும் இல்லை, கரன்ட் பில்லும் இறங்கியது. ஒரு குறை: ரொம்ப மெதுவாக வைத்தால் கனத்த இடத்தில் சக்தி போதாமல் திணறும். அதற்கு மோட்டாரில் இருக்கும் புல்லியைச் சின்னதாக மாற்றினால் போதும், வேகம் குறைந்து இழுவை கூடும். பெல்ட்டையும் அதற்கேற்ற அளவில் மாற்றவேண்டும், அதை மறந்துவிட்டு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

கஸட் வைத்த பை ஆர்டர் வந்தபோது அடுத்த பாடம். பக்கவாட்டுப் பட்டையை வளைத்துத் தைக்க வேண்டும். 1541-இன் அடி மேஜை மாதிரி தட்டை. பெட்டி வடிவம் எடுத்துவிட்ட பையை அதன்மேல் எப்படித் திருப்புவது? ஒவ்வொரு மூலையிலும் தோலை நசுக்கி மடக்கித்தான் தைத்தேன், மடிப்புத் தடம் போகவே இல்லை. அதற்குச் சிலிண்டர் மிஷின்தான். கை நீட்டிய மாதிரி ஒரு உருளை இருக்கும், பையை அதில் சட்டைக் கை போல மாட்டித் தைக்கலாம். ஓரத்தில் பட்டை சுற்றித் தைக்கிற பைண்டிங்குக்கும் மெல்லிய வேலைக்கும் ஃபாஃப் 335 போல ஒல்லிக் கை இருப்பவை, கனத்த நூலுக்கு ஜூகி 1341 போலப் பெரியவை. நான் ஒரு 1341 எடுத்தேன்.

இப்போது யார் கேட்டாலும் சொல்வது: ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சிலிண்டர் வாங்குங்கள். அதைச் சுற்றி ஒரு பலகை மாட்டினால் தட்டை மிஷின் ஆகிவிடும், தட்டையைச் சிலிண்டர் ஆக்க முடியாது. நீளமாக பெல்ட் மட்டும் தைப்பவருக்கு தட்டை போதும். ஷூ அப்பர் என்றால் போஸ்ட். யூடியூபில் பார்த்துவிட்டு கையால் சுற்றுகிற பேட்ச் மிஷினைப் பலர் கேட்கிறார்கள். அது செருப்பு ரிப்பேருக்கு அருமையானது. பழைய சிங்கர் 29கே வகைதான் அதற்கெல்லாம் மூதாதை. பாதத்தை எந்தத் திசைக்கும் முழு வட்டமாகத் திருப்பலாம், ஷூவின் நுனி வரை கை போகும். ஆனால் அதில் 50 பை தைக்க உட்கார்ந்தால் தோள்பட்டை கழன்றுவிடும்.

இனி 1541 சிக்கிக்கொண்ட ஒரு ராத்திரி. மறுநாள் மதியம் 60 பை கொடுக்கவேண்டும், 41 முடிந்திருந்தது. தூக்கக் கலக்கம். புதுத் தையல் ஆரம்பிக்கும்போது மேல் நூல், கீழ் நூல் இரண்டின் நுனியையும் பின்னால் பிடித்துக்கொண்டு மூன்று தையல் போடவேண்டும். கம்பெனியில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது. பிடிக்கவில்லை. ‘டக்’ என்று ஒரு சத்தம், சக்கரம் பூட்டிக்கொண்டது. நூல் ஹூக்குக்குள் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. சக்கரத்தை முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, குண்டூசியால் நூலைத் துண்டு துண்டாக எடுத்தேன். சக்கரம் சுற்றியது. தைத்தால் மூன்று தையலுக்கு ஒன்று விழவில்லை. 1541எஸ் மாடலில் ஹூக் சிக்கினால் தானாகக் கழன்றுகொள்ளும் பாதுகாப்பு அமைப்பு உண்டு. என்னுடையது எஸ் இல்லாதது.

காலையில் பாய் வந்தார். புது ஊசி மாட்டச் சொன்னார், வளைந்த ஊசியை வைத்து டைமிங், அதாவது ஊசியும் ஹூக்கும் சந்திக்கிற நேரம், பார்த்தால் எல்லாம் தப்பாகப் போகும். பாதம், தட்டு, பல் எல்லாம் கழன்று ஒரு தாம்பாளத்தில் வரிசையாக. “பாரு, ஊசி அடிமட்டத்துக்குப் போகுது. இப்ப மேல வரணும், ரெண்டு மில்லிக்குக் கொஞ்சம் மேல. அந்த இடத்துல ஹூக் மூக்கு எங்க இருக்கு?” எட்டிப் பார்த்தேன். ஊசியைத் தாண்டிப் போயிருந்தது. ஊசி மேலே ஏறத் தொடங்கும்போதுதான் அதன் பின்பக்கக் குழிவில் நூல் சின்ன வளையமாகப் புடைக்கும். ஹூக்கின் மூக்கு சரியாக அந்தக் கணத்தில், ஊசிக் கண்ணுக்குச் சற்று மேலே வந்து வளையத்தைக் கவ்வவேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் வெறுங்கையோடு போய்விடும். அவர் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, ஹூக்கை ஒரு மயிரிழை திருப்பி, ஊசிக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு தாள் கனம்தான் இடைவெளி என்று பார்த்து இறுக்கினார். பிறகு எல்லாவற்றையும் மறுபடி தளர்த்திவிட்டு “இப்ப நீ வை” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, நேரம் வேறு ஓடுகிறது. மூன்றாவது முயற்சியில் வைத்தேன். பைகள் சாயங்காலம்தான் போயின, திட்டும் வாங்கினேன்.

அதற்குப் பிறகு தெரிந்தது, தையல் விடுவதில் பெரும்பாலானது டைமிங்கே இல்லை. ஊசி தப்பாக மாட்டியிருக்கும், குழிவு ஹூக்கைப் பார்த்து இருக்காது. இல்லையென்றால் சொல்யூஷன் காயும் முன்னே தைத்து ஊசியில் பசை ஏறியிருக்கும். அடியில் நூல் கூடு கட்டினால் எல்லோரும் பாபினைத்தான் திட்டுவார்கள், குற்றம் மேலே இருக்கும். பாதத்தைத் தூக்கிய நிலையில் நூலைக் கோர்த்து டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நன்றாக இழுத்து உட்காரவைக்காததுதான். ஸ்க்ரூவைத் தொடும் முன் நூலை முழுசாக உருவிவிட்டு மறுபடி கோர்த்துப் பாருங்கள்.

நூலும் ஊசியும் ஜோடி சேரவேண்டும். பாண்டட் நைலான் நூலில் 40 நம்பருக்கு நான் 16 அல்லது 18 ஊசி போடுகிறேன், 20 நம்பருக்கு 21 அல்லது 22. நூல் நம்பர் குறைந்தால் கனம் கூடும், புதுசாக வருபவர்கள் இதில் ஏமாறுவார்கள். ஊசியை நூலில் கோர்த்து நூலைச் சாய்த்துப் பிடித்தால் ஊசி தன் எடையில் வழுக்கி இறங்கவேண்டும். மெல்லிய பர்ஸுக்கு 20 நம்பர் நூல் கேட்பார்கள் சிலர், பார்க்க எடுப்பாக இருக்கும் என்று. இரண்டு அடுக்கு சேர்ந்தே ஒன்றரை மில்லி இருக்கும் தோலில், மேல் நூலும் கீழ் நூலும் பின்னிக்கொள்ளும் முடிச்சு ஒளிய இடமே இல்லை, ஏதாவது ஒரு பக்கம் எட்டிப் பார்க்கும். நான் மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். ஊசியின் முனையும் பார்க்கவேண்டும். எல்ஆர் முனை தோலைச் சாய்வாக வெட்டும், தையல் அழகாகச் சாய்ந்து உட்காரும். தையல் போகும் திசையிலேயே வெட்டுகிற எஸ் முனையில் தையலை நெருக்கிப் போட்டால் தோல் ஸ்டாம்பு மாதிரி கிழிந்து வரும்.

தினமும் சாயங்காலம் ஊசித் தட்டைத் திறந்து பிரஷ்ஷால் தூசு எடுப்பேன், ஹூக்கில் ஒரு சொட்டு வெள்ளை எண்ணெய். காலையில் முதல் ஐந்து நிமிஷம் கழிவுத் துண்டில்தான் ஓட்டம். இதற்கும் ஒரு பை பலியானது. ஈஸ்ட் இந்தியா தோல், அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்டது, இப்போது வாட்டில் பட்டை. சாயம் ஏற்றாத தோல், கோதுமை மாவு நிறம். எண்ணெய் விட்ட கையோடு அதில் தைத்தேன். ஊசிக் கம்பி வழியாக இறங்கி, முன்பக்கத்தில் நடுவாக ஒரு பொட்டு. அந்தத் தோல் எண்ணெயைக் குடித்தால் குடித்ததுதான். அந்தப் பையைத்தான் இன்று வரை சந்தைக்கு எடுத்துப்போகிறேன்.

முதல் மிஷினை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். அடுத்த தெருவில் டெய்லர் அக்காவுக்குப் பாதி விலைக்குக் கொடுத்தேன். பருத்தியில் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது, ஒரு தையல் விடுவதில்லை. என் ரவிக்கைகள் அதில்தான் தைத்து வருகின்றன. கூலியில் ஒரு ரூபாய் குறைத்ததில்லை அக்கா.