செபாங்கில் வேலிக்கு இந்தப் பக்கம்

மோட்டோஜிபி பைக் பந்தயம் பார்க்க மலேசியாவின் செபாங்குக்குப் போகிறவர்கள், கேமராவும் எடுத்துப் போவதாக இருந்தால், பந்தயம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமையை நம்பாதீர்கள். வெள்ளிக்கிழமைப் பயிற்சியிலேயே எல்லா வீரர்களும் சுற்றிச் சுற்றி வருகிறார்கள், ஸ்டாண்டிலும் கூட்டம் இருக்காது. ஓடுதளம் 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். கடைசி வளைவு ஹேர்பின், அதாவது கொண்டை ஊசி வளைவு. வண்டிகள் அங்கே வேகத்தைக் குறைத்துத்தான் திரும்பியாக வேண்டும் என்பதால் நம்மைப் போன்றவர்களுக்கும் நாலு படம் தேறும். மேல் வரிசையில் உட்கார்ந்தால் கம்பி வேலி குறுக்கே வராது.

வேலிக்கு அந்தப் பக்கம், எண் போட்ட பிப் (கையில்லாத மேலங்கி) மாட்டிய அதிகாரப்பூர்வப் புகைப்படக்காரர்கள். லென்ஸ் நுழைய வேலியிலேயே அவர்களுக்கு ஓட்டை விட்டிருப்பார்கள். பார்த்தால் வயிறு எரியும்தான். ஆனால் செபாங் வெயிலில் கனத்த லென்ஸோடு ஓடுதளத்தை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் நடந்து பார்த்தால் தெரியும். ஓடுதளப் பாதுகாப்பைக் கவனிக்கிற மார்ஷல் ‘இங்கே நிற்காதே’ என்றால் நகர வேண்டும், படமும் சுடச்சுடப் போய்ச் சேர வேண்டும்.

நான் இருந்த ஸ்டாண்டில் ஒருவர் பெரிய லென்ஸோடு எழுந்து எழுந்து நின்றுகொண்டிருந்தார். பிப் கிடையாது, நம் கட்சிதான். பின்னால் பிள்ளைகளோடு வந்திருந்த மலேசியத் தமிழர் ஒருவர், “அண்ணே, கொஞ்சம் உக்காருங்க லா, பசங்களுக்குத் தெரியல” என்றார். மனுஷன் முகத்தைச் சுளித்துக்கொண்டே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, ரசிகர் கூட்டத்தைப் படமெடுக்க பிப் போட்ட ஒருவர் மேலே வந்தார். முன்வரிசைக்காரர்களிடம் கையாலேயே அனுமதி கேட்டு, குந்தி உட்கார்ந்து, சட்டுப்புட்டென்று எடுத்துவிட்டு இறங்கிவிட்டார். எல்லாரும் அப்படி இல்லை. வேறொரு போட்டியில், காசு கொடுத்து உட்கார்ந்தவர்களுக்கு முன்னால் பந்தயம் முடியும்வரை பிப் போட்ட ஒருவர் மரம் மாதிரி நின்றதையும் பார்த்திருக்கிறேன். பிப் உள்ளே போகத்தான் அனுமதி. அடுத்தவர் பார்வையை மறைக்க இல்லை.

இதைவிடப் பெரிய தகராறு இலவசப் படங்களால் வருகிறது. நம்மூரில், சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1990இல் திறந்த ஓடுதளம், தேசியப் போட்டிகள் நடக்கிற இடம். அங்கே ஓட்டுகிற எல்லாருக்கும் பெரிய நிறுவனத்தின் பணம் இருக்காது. இந்த மாதிரிப் போட்டிகளில் ஓட்டுநருக்கும் அணிக்கும் படம் விற்றுத்தான் பல புகைப்படக்காரர்களின் பிழைப்பு ஓடுகிறது. ஆசைக்குப் படம் எடுக்கிறவர் அன்று இரவே வாட்ஸ்அப்பில் ஐம்பது படத்தைச் சும்மா அனுப்பிவிட்டால், விற்றுப் பிழைக்கிறவரிடம் யார் வாங்குவார்கள்? ஓட்டுகிற பையன் தன் சமூக ஊடகப் பக்கத்தில் போட்டுக்கொள்ள ஒன்றிரண்டு கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஸ்பான்சரின் விளம்பரத்துக்குக் கேட்டால் மட்டும், அதிகாரப்பூர்வமாக எடுத்தவரைக் கைகாட்டிவிடுவேன். நுழைவுச்சீட்டின் நிபந்தனைகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள். பார்வையாளர் எடுக்கும் படம் சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான் என்று பல இடங்களில் போட்டிருக்கும். அதற்காக, பெரிய லென்ஸைக் கண்டாலே முறைக்கிற அதிகாரப்பூர்வக்காரர்களையும் நான் ஏற்கமாட்டேன். அவர்களிலும் பலர் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பழகியவர்கள்தானே!

அப்புறம், விபத்து. 2011 அக்டோபர் 23 அன்று இதே செபாங்கில், 11ஆம் வளைவில் மோட்டோஜிபி வீரர் மார்கோ சிமோன்செல்லி விழுந்து இறந்தார். 24 வயது. பந்தயத்தையே ரத்து செய்தார்கள். இப்படி ஒன்று நடக்கும்போது பிப் போட்டவர் படம் எடுத்தால் அது அவர் வேலை. எது வெளியே போகலாம் என்று பார்க்க அவருக்குப் பின்னால் ஒரு பத்திரிகை ஆசிரியர் இருப்பார். நம் கையிலோ கேமராவோடு போனும் இருக்கிறது, தடுக்க ஆள் இல்லை. விழுந்தவர் எழுந்து நடந்தார் என்று தெரிகிறவரை நான் எதையும் இணையத்தில் ஏற்றுவதில்லை. எழவில்லை என்றால் அந்தப் படத்தை அப்புறமும் ஏற்றமாட்டேன்.