கையெழுத்துக்குப் பின் வர வேண்டியது

நிறுவன நிதி வகுப்பில் ஆண்டுதோறும் மாணவர்களை ஒரு கணக்குப் போடச் சொல்வது என் வழக்கம். 50 ஆண்டுகள் கழித்து நேரப்போகும் ஒரு சேதத்தின் மதிப்பு 100 என்றால், அதன் இன்றைய மதிப்பு என்ன? எதிர்காலத் தொகையை இன்றைய மதிப்புக்குக் குறைக்கப் பயன்படும் தள்ளுபடி வீதம் ஆண்டுக்கு 10 விழுக்காடு எனில் விடை 1-ஐக்கூட எட்டாது, 0.85 மட்டுமே. 3 விழுக்காடு எனில் ஏறத்தாழ 23. பருவநிலை மாற்றத்தின் பொருளியல் குறித்து 2006-இல் பிரிட்டிஷ் பொருளியலாளர் நிக்கோலஸ் ஸ்டெர்ன் அளித்த அறிக்கை கைக்கொண்ட 1.4 விழுக்காட்டுக்கு அருகில் வைத்தால் 50. சேதம் ஒன்றுதான், வீதத்தை மாற்றியதும் அது பொருட்படுத்தத் தேவையில்லாததாகவும் ஆகிறது, தலைபோகிற காரியமாகவும் ஆகிறது. ஒருமுறை இந்தக் கணக்கை முடித்த மாணவி ஒருவர் எழுந்து, “சார், எதிர்காலத் தலைமுறையை மறக்காதீர்கள் என்று நிலைத்தன்மை வகுப்பில் சொல்கிறார்கள், இங்கே 10 விழுக்காடு போடச் சொல்கிறீர்கள். வேலைக்குப் போனதும் நான் எதைப் பின்பற்றுவது?” என்று கேட்டார். அன்று என்னிடம் நேர்மையான பதில் இல்லை. மேலாண்மைக் கல்வியில் நிலைத்தன்மை பற்றி நான் வாசிக்கும் ஆய்வுகளையெல்லாம் அந்தக் கேள்வியோடு சேர்த்தே வாசிக்கத் தொடங்கினேன்.

நல்ல வாசகங்களுக்கு இத்துறையில் குறைவில்லை. வருங்காலத் தலைமுறைகளின் தேவைகளைப் பாதிக்காத நிலைத்த வளர்ச்சிக்கு ஐ.நா.வின் பிரண்ட்லாண்ட் ஆணையம் வரையறை தந்தது 1987-இல். பொறுப்புள்ள மேலாண்மைக் கல்விக்கான நெறிகள் ஐ.நா. ஆதரவில் 2007-இல் அறிவிக்கப்பட்டபோது, அவற்றில் ஆய்வும் தொழில்துறையோடு கூட்டுறவும் தனித்தனி நெறிகளாகவே இடம்பெற்றன. 2015-இல் வந்த ஐ.நா.வின் 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் கடைசி இலக்கும் கூட்டுறவு பற்றியதே. ஆனால் அவற்றுக்கெல்லாம் இடையில், 2005-இல் வெளியான ஒரு கட்டுரையில் மேலாண்மை அறிஞர் சுமந்திர கோஷல் வைத்த குற்றச்சாட்டு என்னைப் பொறுத்தவரை இன்னும் முழுமையாகப் பதிலளிக்கப்படவில்லை. அறச்சார்பற்ற கோட்பாடுகளைக் கற்பிப்பதன் மூலம் வணிகப் பள்ளிகளே மாணவர்களைத் தார்மீகப் பொறுப்பிலிருந்து விடுவித்துவிட்டன என்றார் அவர். அவருடைய கண் விருப்பப் பாடங்களின் மேல் இல்லை. நிதி, உத்தி, நிறுவன ஆளுகை போன்ற முதன்மைப் பாடங்களின் மேல் இருந்தது.

வெளியிலிருந்து வரும் நிலைத்தன்மை அறிவு அந்த முதன்மைப் பாடங்களுக்குள் ஏன் நுழைவதில்லை என்பதைப் புரிந்துகொள்ள, நிறுவனங்கள் பிறரோடு சேர்ந்து புதியன உருவாக்கும் புத்தாக்கக் கூட்டுறவு பற்றிய ஆய்வுகள் எனக்குப் பெரிதும் உதவுகின்றன. வெளியிலிருந்து வரும் அறிவின் மதிப்பை உணரவும், அதைத் தன்வயமாக்கவும், பயன்படுத்தவும் ஒரு நிறுவனத்துக்கு இருக்கும் ஆற்றலை ‘உள்வாங்கும் திறன்’ என்று 1990-இல் வெஸ்லி கோஹனும் டேனியல் லெவிந்தாலும் பெயரிட்டார்கள். அந்தத் திறன், அதே துறையில் அந்த நிறுவனம் முன்பே சேர்த்து வைத்திருக்கும் அறிவைப் பொறுத்தது என்பதே அவர்களுடைய வாதத்தின் உயிர்நாடி. நிறுவனங்கள் வெளியாரின் அறிவையும் பயன்படுத்திப் புதியன உருவாக்கலாம் என்னும் ‘திறந்த புத்தாக்கம்’ என்ற கருத்தை 2003-இல் ஹென்றி செஸ்ப்ரோ முன்வைத்த பிறகு, கதவைத் திறந்து வைத்தாலே போதும் என்று பலர் எண்ணிக்கொண்டார்கள். உள்ளே வருவதைப் புரிந்துகொள்ள உள்ளே ஆள் வேண்டும்.

இதற்கு நான் வகுப்பில் விரிவாக எடுத்துக்காட்டுவது சூழல் காப்புரிமைப் பொதுவகத்தின் கதையை. ஐபிஎம், நோக்கியா, பிட்னி போவ்ஸ், சோனி ஆகிய நான்கு நிறுவனங்கள், நிலைத்த வளர்ச்சிக்கான உலக வணிக மன்றத்துடன் சேர்ந்து 2008-இல் அதைத் தொடங்கின. சுற்றுச்சூழலுக்கு நன்மை தரும் தங்கள் காப்புரிமைகளை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தன. பின்னர் வேறு பல பெரிய நிறுவனங்களும் சேர்ந்தன. நோக்கத்தில் குறை காண எனக்கு மனமில்லை. ஆயினும் அந்தத் தொழில்நுட்பங்களின் பரவலை அது கூட்டியதற்கான தடயம் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கவில்லை. 2016-இல் அது முடிவுக்கு வந்தது. காப்புரிமை ஆவணத்தைப் பொதுவில் வைத்தவர்கள், அதைச் செய்து பழகிய பொறியாளரின் கைப்பக்குவத்தை உடன் அனுப்பவில்லை. யார் எடுத்தார்கள், எதற்கு எடுத்தார்கள் என்று குறித்து வைக்கவும் ஏற்பாடில்லை. கொடுத்தவருக்கும் எடுத்தவருக்கும் இடையே பேச்சே நிகழாத அந்த ஏற்பாட்டைக் கூட்டுறவு என்று சொல்ல என்னால் முடியவில்லை.

நிறுவனங்களோடு கல்லூரிகள் போடும் புரிந்துணர்வு ஒப்பந்தங்களும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. கையெழுத்து, புகைப்படம், ஒரு சிறப்புரை, ஒருநாள் தொழிற்சாலைப் பார்வை. அதன் பிறகு நிதிப் பாடத்திட்டத்தில் ஒரு வரிகூட மாறுவதில்லை. மாறாக, இன்டர்ஃபேஸ் என்ற தரைவிரிப்பு நிறுவனம் லண்டன் விலங்கியல் சங்கத்துடன் சேர்ந்து 2012-இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய திட்டத்தைப் பாருங்கள். கடலோர மக்கள் கைவிடப்பட்ட நைலான் வலைகளைச் சேகரித்து விற்றார்கள். அவை மறுசுழற்சியில் புது இழையாகித் தரைவிரிப்புக்குள் போயின. வலையைச் சுத்தம் செய்வது யார், சரக்குக் கட்டணம் யார் தலையில், வலை வரத்து குறைந்தால் ஆலை என்ன செய்யும் என்ற கேள்விகள் எல்லாம் கொள்முதல், செலவுக் கணக்கு, நிதி ஆகிய பாடங்களின் மையக் கேள்விகள். இவற்றை விருப்பப் பாடத்தில் ஒரு வாரம் பேசி முடிப்பது வீண்.

ஆய்வு முறை குறித்தும் எனக்கொரு வருத்தம் உண்டு. கூட்டுறவு எவ்வளவு சிறப்பாக உள்ளது என்பதையும், நிலைத்தன்மையில் நிறுவனம் எவ்வளவு முன்னேறியது என்பதையும் ஒரே மேலாளரிடம், ஒரே வினாப்பட்டியலில், ஒரே நாளில் கேட்டுவிட்டு, இரண்டுக்கும் வலுவான தொடர்பு உண்டு என்று முடிக்கும் கட்டுரைகள் ஏராளம். மனநிறைவோடு இருப்பவர் இரண்டுக்கும் உயர்ந்த மதிப்பெண்ணே இடுவார். முறிந்துபோன கூட்டுகளோ, பதில் சொல்ல ஆளில்லாததால், ஆய்வுக்கு எடுக்கும் மாதிரிக்குள் வருவதே இல்லை. நமக்கு மிகவும் தேவைப்படும் பாடம் அந்த முறிவுகளிடம்தான் இருக்கிறது.

இந்தப் பருவத்தில் நிலைத்தன்மைப் பாடம் நடத்தும் பேராசிரியரும் நானும் அந்தக் கணக்கை ஒரே வகுப்பறையில் சேர்ந்து நடத்தினோம். அந்த மாணவியின் கேள்வியைத் தேர்வுத்தாளிலும் வைத்தோம்: ஒரு வீதத்தைத் தேர்ந்தெடுங்கள், ஏன் அது என்று விளக்குங்கள், அந்தத் தேர்வினால் ஏற்படும் இழப்பை யார் சுமப்பார்கள் என்று எழுதுங்கள். விடைத்தாள்கள் இப்போது என் மேசையில் இருக்கின்றன. முதல் இரண்டு பகுதிகளை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள், மூன்றாவதில் பாதிப் பேர் வெற்றிடம் விட்டிருக்கிறார்கள்.