ஆமணக்கு நிழலில் யோனா

நினிவே நகரத்துக்குப் போய்த் தீர்ப்பைக் கூறு என்று கர்த்தர் கட்டளையிட, யோனா தீர்க்கதரிசி தர்ஷீஸ் என்ற தூர ஊருக்குக் கப்பலேறி ஓடுகிறான்; ஒரு பெரிய மீன் அவனை விழுங்கிக் கரையில் கக்குகிறது. ஓய்வுநாள் பள்ளியில் வேதாகமத்தின் இந்தக் கதை எங்களுக்கு எப்போதும் மீனோடு முடிந்துவிடும். நான்காம் அதிகாரத்தை நான் நிதானமாக வாசித்தது வெகுகாலம் கழித்துத்தான். தர்ஷீசுக்கு ஏன் கப்பலேறினான் என்பதைத் தீர்க்கதரிசி அங்கேதான் தன் வாயாலேயே சொல்கிறான். கர்த்தர் இரக்கமும் மனவுருக்கமும் நீடிய சாந்தமும் உள்ளவர், சொன்ன தீங்கைச் செய்யாமல் விட்டுவிடுவார் என்று முன்னமே தெரிந்ததால்தான் ஓடினானாம். யாத்திராகமம் 34-இல் கர்த்தர் மோசேக்குத் தம்மை அறிவித்த அதே சொற்களை இவன் குற்றப்பத்திரிகைபோல் அவரிடமே திருப்பி வாசிக்கிறான்.

அவனைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. நினிவே அசீரியாவின் பெருநகரம். அந்தப் பேரரசுதான் கி.மு. 722 வாக்கில் வட இஸ்ரவேலின் தலைநகரான சமாரியாவை வீழ்த்தி, அதன் மக்களைச் சிறைபிடித்துச் சென்றது. இந்நூலைத் தலைமுறைதோறும் வாசித்த யூதர்களுக்கு அது ஆறிய புண்ணாக இருந்திருக்காது.

நினிவேயில் அவன் கூறிய தீர்ப்பு எபிரெயத்தில் ஐந்தே சொற்கள்: இன்னும் நாற்பது நாளில் நகரம் கவிழ்க்கப்படும். மனந்திரும்புங்கள் என்ற அழைப்பு அதில் இல்லை. ஆனால் அழிப்பதே நோக்கமாக இருந்தால் நாற்பது நாள் தவணை எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. கவிழ்ப்பதைக் குறிக்கும் அந்த எபிரெய வினைதான் சோதோமின் அழிவுக்கும் வருகிறது, இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுல் வேறு மனுஷனாக மாறுவான் என்ற இடத்திலும் வருகிறது. நினிவேயின் ராஜா சிங்காசனத்தை விட்டிறங்கிச் சாம்பலில் உட்கார, ஆடுமாடுகளுக்கும்கூட இரட்டு என்னும் துக்கத்தின் முரட்டுத் துணி உடுத்தப்பட்டது (அந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்). நகரம் கவிழத்தான் செய்தது, யோனா காத்திருந்த விதத்தில் அல்ல; அது மனம் மாறிப் பிழைத்துக்கொண்டது.

இதனால் நியாயத்தீர்ப்பு இல்லாமல் போய்விடவில்லை. நினிவேயைக் குறித்தே பேசும் நாகூம் தீர்க்கதரிசியின் புத்தகம் அதே நீடிய சாந்தத்தைச் சொல்லிவிட்டு, அவர் ஆக்கினையின்றி விடமாட்டார் என்கிறது, கி.மு. 612-இல் பாபிலோனியரும் மேதியரும் நினிவேயைத் தகர்த்தார்கள்.

யோனாவோ நகரத்துக்குக் கிழக்கே குடிசை போட்டு, என்ன நடக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தான். நம் வேலியோரங்களில் தானாக முளைத்து அகல இலை விரிக்கும் ஆமணக்குதான், நம் வேதாகமத்தின்படி, அவனுக்கு நிழலாயிற்று. மறுநாள் பூச்சி அரித்து அது பட்டுப்போக, வெயிலில் சோர்ந்தவன் சாவதே நலம் என்றான். நீ நடாத, நீ வளர்க்காத செடிக்காக நீ பரிதபிக்கும்போது, வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் அறியாத இலட்சத்து இருபதினாயிரம் பேருக்கு மேலானவர்களும் அநேக மிருகஜீவன்களும் இருக்கிற நகரத்துக்காக நான் பரிதபியாமலிருப்பேனோ என்று கர்த்தர் கேட்கிறார். யோனா என்ன பதில் சொன்னான் என்பது எழுதப்படவில்லை.